வால்சிங்கம் மாதாவிடம் பெப்ரவரியில்

நோர்ஃபோக்கிலுள்ள வால்சிங்கம் மாதா திருத்தலம் என்றதும் இங்கிலாந்தில் இருக்கிற நம்மவருக்கு நினைவு வருவது யூலை மாதம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, லண்டனிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் கோச் கோச்சாக வந்து இறங்கும் ஆயிரக்கணக்கான சனம், சொரூபத்துக்குப் பின்னால் தமிழில் செபமாலை. இலங்கையின் மடு மாதா திருவிழாவுக்குப் போகமுடியாத குறையை அங்கேதான் தீர்த்துக்கொள்கிறோம். சைவக்காரரும் நேர்த்தி வைத்து வருகிறார்கள். கழிவறை வரிசையில் நிற்பதிலேயே பாதிப் பூசை போய்விடும், மெழுகுதிரி கொளுத்துமிடத்தில் இடிபாடு, திரும்பிவரும்போது எந்தக் கோச் எங்கே நிற்கிறதென்று தெரியாது. போனவர்களுக்கு இதெல்லாம் பழக்கம்.

வேண்டிக்கொள்ள அது நல்ல நாள். வேண்டியது கிடைத்து நன்றி சொல்லப் போகிறவர்களுக்குப் பெப்ரவரியே நல்லது. அப்போது அங்கே ஸ்னோட்ரொப் என்ற சின்ன வெள்ளைப் பூ பூத்திருக்கும்.

பூ சரியாக எப்போது வரும் என்பதைக் குளிர் தீர்மானிக்கும். தை (ஜனவரி) கடைசியில் தொடங்கி மாசி (பெப்ரவரி) நடுவில் நிறைந்து, மார்ச் தொடக்கத்தில் முடிந்துவிடும். பெப்ரவரி 2, கிறிஸ்மஸிலிருந்து நாற்பதாம் நாள், ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாள். மெழுகுதிரி மந்திரித்துப் பவனி வருகிற நாள். அதனால்தான் ஆங்கிலேயர் இந்தப் பூவுக்கு மெழுகுதிரித் திருநாள் மணி என்றும், மாதாவின் திரி என்றும் பழைய பெயர் வைத்திருக்கிறார்கள். அன்றைய வாசகத்தில் கிழவர் சிமியோன் குழந்தையை ஏந்திக்கொண்டு, உமது மீட்பை என் கண்கள் கண்டுகொண்டன என்கிறார். அவர் கண்டது என்ன? நாற்பது நாள் பச்சைக்குழந்தை ஒன்று. உரோமைக்காரன் அப்போதும் நாட்டை ஆண்டுகொண்டுதான் இருந்தான். ஸ்னோட்ரொப்பும் குளிர் முடிந்து வருகிற பூ அல்ல. அது வந்த பிறகும் பனி கொட்டும், சில வருடம் மார்ச்சிலும் கொட்டும்.

போகிற வழி: லண்டனிலிருந்து காரில் ஏறத்தாழ மூன்று மணித்தியாலம். எம்11, ஏ11, பிறகு ஏ1065 பிடித்து ஃபேக்கன்ஹாம், அங்கிருந்து 8 கிலோமீற்றர். வழிகாட்டும் கருவியில் 'லிட்டில் வால்சிங்கம்' என்று போடவேண்டும். கிரேட் வால்சிங்கம் என்று பக்கத்தில் இன்னொரு கிராமம் இருக்கிறது. பெயரில்தான் பெரியது, திருத்தலங்கள் அங்கே இல்லை. ரயிலில் போவதானால் கிங்ஸ் லின் வரைக்கும் வசதி, அதற்குப் பிறகு பஸ் மாறி மாறித்தான் போகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பிப் போகவேண்டாம். மாசித் தொடக்கத்தில் ஐந்து மணிக்குள் இருட்டிவிடுவதால் காலை ஏழுக்காவது வீட்டைவிட்டு வெளிக்கிட்டால்தான் சரிவரும்.

புதிதாகப் போகிறவர்கள் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. ஊருக்குள் இருப்பது ஆங்கிலிக்கன் திருத்தலம். 1061இல் ரிச்செல்டிஸ் என்ற சீமாட்டிக்கு மாதா நாசரேத்து வீட்டைக் காட்டி, அதேபோல் ஒன்று கட்டச் சொன்னதாக வரலாறு. அந்தத் திருவீட்டின் மாதிரியை 1931இல் ஆங்கிலிக்கன் திருத்தலத்தில் திரும்பவும் கட்டினார்கள். நமது கத்தோலிக்கத் திருத்தலம் ஒரு மைல் தள்ளி, ஹூட்டன் சென் ஜைல்ஸில், ஸ்லிப்பர் சேப்பல் என்ற 14ஆம் நூற்றாண்டுச் சின்னக் கோவில். இரண்டையும் பார்க்கவேண்டும். ஆனால் தொடங்குவது ஸ்லிப்பர் சேப்பலில்.

யூலையில் தோள்களுக்கு மேலால் எட்டிப் பார்த்த அதே முகம், மாசியில் ஒரு புதன்கிழமை காலையில் போனால் மூன்றடி தூரத்தில். கோவிலுக்குள் நாலைந்து பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள். சிம்மாசனத்தில் அமர்ந்த மாதா, மடியில் பாலன், கையில் லீலிச் செங்கோல், அதில் மூன்று பூ. பிள்ளைப்பேற்றுக்கு முன்னும் பேற்றின்போதும் பின்னும் கன்னி என்பதற்கு மூன்று. யூலைச் சனத்துக்குள் அந்த மூன்று பூவைப் பார்க்க யாருக்கு நேரம் கிடைத்தது? தாயே, விசாவுக்காக அழுததும் நீ கேட்டாய், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த பிள்ளைக்காக வைத்த நேர்த்தியும் கேட்டாய், ஊரில் தனித்திருந்த அம்மாவின் கடைசி மூச்சு நோகாமல் போகவேண்டும் என்றதையும் கேட்டாய். கேட்டதற்கெல்லாம் நீண்ட செபம் இருந்தது, நன்றிக்கு வாயில் சொல் வருவதில்லை. வராவிட்டால் பரவாயில்லை, அங்கே யாரும் தள்ளமாட்டார்கள், இருக்கலாம்.

பழைய காலத்தில் யாத்திரிகர் சப்பாத்தை இந்தக் கோவிலில் கழற்றி வைத்துவிட்டுக் கடைசி மைலை வெறுங்காலோடு நடந்தார்கள். எட்டாம் ஹென்றி அரசனும் 1511இல் வெறுங்காலோடு நடந்தான் என்பார்கள். அதே அரசனின் ஆட்கள்தான் 1538இல் வால்சிங்கம் துறவிகளின் மடத்தை மூடிச் சொரூபத்தை லண்டனுக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். 2008இல் போருக்குள் மடு மாதா சொரூபம் தேவன்பிட்டிக்குப் போய்த் திரும்பி வந்த மாதங்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த இடம் நெஞ்சில் குத்தும். இங்கே மாதா திரும்பி வர ஏறத்தாழ நானூறு வருடம். ஸ்லிப்பர் சேப்பல் இடையில் மாட்டுக்கொட்டிலாகக்கூட இருந்தது. 1890களில் சார்லட் பாய்ட் என்ற அம்மா அதை விலைக்கு வாங்கினார், 1934இல் ஆயர்கள் அதை மாதாவின் தேசியத் திருத்தலமாக்கினார்கள்.

வெறுங்கால் நேர்த்தி வைத்தவர்கள் கவனிக்கவேண்டியது: மாசியில் அந்த மைல் யூலை மைல் அல்ல. நோர்ஃபோக் மண் முழுக்கச் சக்கிமுக்கிக் கல், உடைந்த விளிம்பு கத்தி மாதிரி வெட்டும். குளிரில் பாதம் மரத்துப்போனபின் வெட்டினாலும் தெரியாது. சீனி வருத்தம் உள்ளவர்கள் கட்டாயம் சப்பாத்தோடு நடக்கவேண்டும், மாதா கோபிக்கமாட்டா. மற்றவர்கள் ஊர் எல்லை வந்தபின் கழற்றலாம், துவாய் ஒன்றும் காய்ந்த சொக்ஸ் இரண்டு சோடியும் பையில் இருக்கட்டும். வீதியில் நடைபாதை கிடையாது. 1964இல் மூடிய பழைய ரயில் பாதை இப்போது நடைவழி, அதில் போனால் கார்த் தொல்லை இல்லை, சேறு உண்டு.

பூ இருப்பது ஊர் நடுவில், அந்தப் பழைய மடம் இருந்த அபே மைதானத்தில். ஷயர்ஹால் அருங்காட்சியகம் வழியாக உள்ளே விடுவார்கள், சிறு கட்டணம். திறக்கும் நாளையும் நேரத்தையும் போகுமுன் பார்த்துக்கொள்ளவேண்டும். இடிந்த மடத்துக் கோவிலின் கிழக்கு வளைவு மட்டும் தனியே வானத்தில் நிற்கும். அதைத் தாண்டி, ஆற்றைக் கடந்தால் மரங்களுக்குக் கீழே வெள்ளை. மடத்துத் துறவிகள் நட்டது என்று ஊரார் சொல்வார்கள். அழகான கதை, ஆதாரம் இல்லை. இங்கிலாந்தில் இந்தப் பூ பற்றி எழுத்தில் வருவதே 16ஆம் நூற்றாண்டுக் கடைசியில்தான்.

முதல்நாள் இரவு உறைபனி விழுந்திருந்தால் பத்து மணிக்கு முன் போகவேண்டாம். தண்டில் நீர் உறைந்து செடியெல்லாம் தரையோடு படுத்துக் கிடக்கும், செத்துப்போய்விட்டது என்று நினைக்கத் தோன்றும். வெயில் தொட்டதும் ஒவ்வொன்றாக நிமிரும். அரை மணித்தியாலம் பொறுமையாக நின்றால் கண்ணால் பார்க்கலாம்.

நிமிர்ந்த பிறகும் பூ மட்டும் குனிந்தே இருக்கும். நின்றபடி பார்த்தால் வெள்ளை மணி, அவ்வளவுதான். மண்டியிடவேண்டும். அடியில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து மண்டியிட்டு, ஒரு விரலால் பூவை மெல்ல உயர்த்தினால் உள்ளே தெரியும். வெளியே கரண்டி மாதிரி மூன்று நீண்ட இதழ், உள்ளே குட்டையாக இன்னும் மூன்று. ஒவ்வொரு குட்டை இதழின் நுனியிலும் கூரை போட்ட மாதிரி ஒரு பச்சை அடையாளம். உட்பக்கம் பச்சைக் கோடுகள், பென்சிலால் கீறிய மாதிரி. பத்துப் பாகை வெப்பம் தாண்டினால் வெளி இதழ் விரியும், தேனீ வரும். வெறும் 10, 15 சென்ரிமீற்றர் உயரத்துக்குள் இத்தனையும்.

சனி ஞாயிறு போனால் இந்த அமைதி இல்லை. படம் எடுக்கிறவர்கள் பாதையைவிட்டு இறங்கி மிதித்துவிடுகிறார்கள். மிதிபட்ட இலை கிழங்குக்கு உணவு சேர்க்காது, அடுத்த வருடம் அந்த இடம் மொட்டை. நம்மவர்களிலும் சிலர் மாதாவுக்கு வைக்கவென்று கைநிறையப் பறிக்கப் பார்ப்பார்கள். பறிக்கக்கூடாது, கிழங்கோடு பிடுங்குவது சட்டப்படியும் குற்றம். காணிக்கைப் பூவைக் கடையில் வாங்கிக்கொண்டு போகலாம். இன்னொன்று, ஸ்னோட்ரொப் கிழங்கு பார்வைக்கு அசல் சின்ன வெங்காயம், ஆனால் நஞ்சு. அதே குடும்பச் செடியிலிருந்து எடுத்த காலன்தமீன்தான் இன்று அல்சைமர்ஸ் நோயாளருக்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று. தாயின் ஞாபகத்துக்காக மன்றாடுகிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளட்டும்.

திரும்புமுன் ஆங்கிலிக்கன் திருத்தலத்துக் கிணற்றுத் தண்ணீர். ஒரு மிடறு குடிப்பது, நெற்றியில் சிலுவை, பிறகு கைகளில் ஊற்றுவது. வீட்டுக்கு எடுக்கச் சின்னப் போத்தல் போதும்.

வீட்டுத் தோட்டத்தில் மாதா கெபி வைத்திருப்பவர்கள் பக்கத்தில் இதை நடலாம். இலையுதிர்காலத்தில் வலைப்பையில் மலிவாக விற்கிற காய்ந்த கிழங்கை வாங்கினால் காசு போச்சு, உள்ளே உலர்ந்து பாதிக்கு மேல் முளைக்காது. பூ முடிந்து இலை பச்சையாக இருக்கும்போதே, பெப்ரவரி கடைசி அல்லது மார்ச்சில், நாற்றுப்பண்ணையிலிருந்து வாங்கி அன்றே நடவேண்டும். 8 முதல் 10 சென்ரிமீற்றர் ஆழம், கோடையில் நிழல் தரும் மரத்தடி, ஐந்தைந்தாகச் சேர்த்து. சட்டியில் வைத்தால் கோடையில் காய்ந்துவிடும். இலை தானாக மஞ்சளாகி விழும்வரை வெட்டக்கூடாது. முதல் வருடம் எல்லாம் பூக்காது.

வைகாசி (மே) முடிய இலையும் போய்விடும். யூலையில் கோச்சுக்குப் புறப்படும்போது அந்த இடத்தில் வெறும் மண்தான் இருக்கும். ஒரு குச்சி ஊன்றி வையுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் யாராவது கிண்டி மிளகாய்க் கன்று வைத்துவிடுவார்கள்.