கடுங்காப்பியின் எதிர்ச்சொல்

பள்ளி மாணவர்களுக்கான கையடக்க அகராதி ஒன்றைத் தயாரித்த பதிப்பகத்தில் நான் நான்கு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தும் வேலை பார்த்தேன். அவற்றில் கடைசி ஏழு மாதங்கள் எதிர்ச்சொல் பின்னிணைப்புக்கே போயின. பக்கத்துக்கு இரண்டு பத்திகள், இடப்பக்கம் சொல், வலப்பக்கம் எதிர்ச்சொல், ஒரு சொல்லுக்கு ஒரு வரிக்கு மேல் கிடையாது என்பது நிர்வாகத்தின் ஏற்பாடு. மேடு, பள்ளம்; இன்பம், துன்பம் என்று முதல் வாரம் சிரமமில்லாமல் ஓடியது. 'கடுமையான' என்ற சொல்லுக்கு எதிரே 'மென்மையான' என்று எழுதி அனுப்பிய அன்றுதான் வேலை நின்றது. தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி இருந்தது: "மென்மையான வறட்சி உண்டா?"

கேட்டவர் எங்கள் தலைமைத் தொகுப்பாளர். நாகர்கோவில் பக்கத்தவர், தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் அவரை ஐயா என்றுதான் அழைப்போம். அவருடைய மேசைக்குத் தாளைக் கொண்டுபோவதற்கு முன் அலுவலகத்தில் எல்லோரும் ஒருமுறை தண்ணீர் குடித்துவிட்டுப் போவது வழக்கம்.

விளக்கம் கேட்க நான் போன நேரத்தில் டீக்கடைப் பையன் வந்து நின்றான். மற்றவர்களுக்கு இரண்டு ஸ்ட்ராங், ஒரு லைட். ஐயாவுக்கு எப்போதும்போல் கடுங்காப்பி. தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, "இதுக்கு எதிர்ச்சொல் சொல்லும்மா" என்றார். இலேசான காப்பி என்றேன். "தூளைப் பாதியாகக் குறைத்தாலும் இது கடுங்காப்பிதான். பால் ஊற்றினால்தான் மாறும். இதற்கு எதிர்ச்சொல் பால் காப்பி" என்றார். அதுவரை கடு என்றால் மிகுதி என்றே நினைத்திருந்தேன். காப்பியில் அது ஒன்றும் மிகவில்லை. பால் இல்லாததற்குத்தான் அந்தப் பெயர்.

அன்று மாலையே நான் 'கடும்' என்று தொடங்கும் சொற்களையெல்லாம் தனித்தனிச் சீட்டில் எழுதத் தொடங்கினேன். அவற்றில் என்னை நெடுநேரம் உட்கார வைத்தது கடுங்காவல். இந்திய தண்டனைச் சட்டத்தின் 53ஆம் பிரிவு சிறைத் தண்டனையை இரண்டாகப் பிரித்தது. கடும் உழைப்போடு கூடியது கடுங்காவல், உழைப்பு இல்லாதது மற்றொன்று. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இந்தப் பிரிவினை தொடர்கிறது. கோவைச் சிறையில் வ.உ.சி. செக்கிழுத்ததை நினைத்துக்கொண்டால் இந்தக் 'கடும்' எதைக் குறிக்கிறது என்பதற்கு வேறு உரை வேண்டியதில்லை. மற்றொன்றைச் செய்தித்தாள்கள் சாதாரண சிறை என்று எழுதிவிடுகின்றன; சட்டத் தமிழில் வெறுங்காவல், மெய்க்காவல் என்ற சொற்கள் உண்டு. எனக்கு வெறுங்காவல் பிடித்துப்போனது. காப்பியில் ஒன்று இல்லாததற்குக் 'கடும்' என்று பெயர். சிறையில் ஒன்று இல்லாததற்கு 'வெறும்' என்று பெயர். இரண்டையும் ஒரே பத்தியில் ஒரே வரியில் அடைக்கச் சொன்னால் எப்படி அடைப்பது?

தொல்காப்பிய உரியியல் உறு, தவ, நனி என்னும் மூன்றையும் மிகுதிக்கு உரியவை என்கிறது. குறைவின் பக்கம் தேடினால் 'வறிது சிறிதாகும்' என்று ஒரு சிறு நூற்பா கிடைக்கிறது. இந்த வறிதும் வெறுங்காவலின் வெறுமும் உறவோ என்று ஐயாவிடம் கேட்டேன். "சான்று இருந்தால் எழுது, ஆசையாக இருந்தால் எழுதாதே" என்றார். எழுதவில்லை. ஆசை இன்னும் இருக்கிறது.

கடுமையை ஒருவாறு ஓரங்கட்டிவிட்டுத் 'தீவிர' என்ற சொல்லுக்கு வந்தால் அது வேறு வகையில் வழுக்கியது. தீவிரவாதிக்கு எதிர்ச்சொல் மிதவாதி என்று பள்ளி வரலாற்றுப் பாடமே சொல்லிக்கொடுத்திருக்கிறது. 1907இல் சூரத்தில் காங்கிரஸ் பிளந்தபோது கோகலேயும் பெரோஸ்ஷா மேத்தாவும் மிதவாதிகள், திலகரும் அவரோடு நின்றவர்களும் தீவிரவாதிகள். அங்கே போயிருந்த வ.உ.சி.யும் பாரதியும் திலகர் பக்கம். நூறாண்டுக்குள் தீவிரவாதி என்ற சொல் துப்பாக்கியும் குண்டும் ஏந்தியவனுக்குப் போய்விட்டது. மிதவாதி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறார். முந்தைய பதிப்பில் இந்த இணைக்குக் கீழே எடுத்துக்காட்டாக வ.உ.சி.யின் பெயரைப் போட்டிருந்தோம். ஒரு தலைமை ஆசிரியர் கொதித்துப்போய் அஞ்சலட்டை எழுதியிருந்தார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. எங்கள் பதிவிலும் பிழை இல்லை.

மழை, புயல் ஆகியவற்றுக்கு நாளிதழ் ஒன்றின் செய்திப் பிரிவில் இருந்த தோழியிடம் கேட்டேன். அவர்களிடம் எதிர்ச்சொல்லுக்குப் பதில் ஓர் ஏணியே இருந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 15.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் இலேசான மழை, 64.4 வரை மிதமான மழை, 115.5 வரை கனமழை, 204.4 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் எவ்வளவு பெய்தாலும் அதிகனமழை. கீழ்ப்படிகள் இவ்வளவு நெருக்கமாக இருக்க, மேல்படிக்குக் கூரையே இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோதும் அதற்கு அதே 'அதி'தான். 21 சென்டிமீட்டர் பெய்த ஊருக்கும் அதே 'அதி'தான். புயலுக்கோ எதிர்ச்சொல்லே பெயர்ச்சொல்லாக வருவதில்லை. தீவிரமடைந்த புயல் வலுவிழக்கும், அவ்வளவுதான். தோழி சிரித்துக்கொண்டே, "எங்கள் ஊரில் தீவிரத்துக்கு எதிர்ச்சொல் கரையைக் கடத்தல்" என்றார்.

சீட்டுகள் நாற்பதைத் தாண்டியபின் ஐயாவிடம் என் முடிவைச் சொன்னேன். 'கடுமையான' என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது. அது எந்தச் சொல்லின் முன்னால் நிற்கிறதோ அந்தச் சொல்தான் எதிரியைத் தேர்ந்தெடுக்கிறது. ஆகவே தனிச்சொல்லை எடுத்துவிட்டு இணைகளாகக் கொடுக்கலாம்: கடுஞ்சொல், இன்சொல், கடுங்காவல், வெறுங்காவல், கடுநடை, எளியநடை. அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுக் 'கடிதோச்சி மெல்ல எறிக' என்ற குறளைச் சொன்னார். ஓங்கும்போது கடுமை, அடி விழும்போது மென்மை. வள்ளுவர் இரண்டையும் ஒரே கைக்குக் கொடுத்திருக்கிறார், அதனால் உன் 'மென்மை'யையும் முழுக்க அடித்துவிடாதே என்பது அவர் கட்சி.

அந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் தாள்களில் ஓரம் முழுக்கக் கீறித் தள்ளுவார். குரல் அடுத்த அறை வரைக்கும் கேட்கும். ஆனால் மாதக் கடைசியில் நிர்வாகம் பார்க்கும் பிழைப் பதிவேட்டில், இன்னார் தவறு என்று எழுத வேண்டிய கட்டத்தில், எல்லா வரிக்கும் அவருடைய சுருக்கொப்பமே இருக்கும். இரண்டாம் ஆண்டில் ஒரு படிவம் முழுவதும் பக்க எண் மாறிப்போனது என்னால். அந்த வரியிலும் அவர் ஒப்பம்தான். அதைப்பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நிர்வாகம் பதினொரு வரிகளுக்கு இடம் தந்தது. இணைகள் ஏறின, கடுங்காப்பியும் பால் காப்பியும் மாணவர் அகராதிக்கு ஆகாது என்று விழுந்தன, எனக்கு இன்றும் வருத்தம். கடைசி மெய்ப்பில் ஒரே ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. கடும்பசி. சிறுபசி என்று நான் எழுதியதை அடித்து, பசியின்மை என்று அவரே எழுதி, அது நோயின் பெயராயிற்றே என்று அதையும் அடித்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்திருந்தார். பிறகு அந்தக் கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும் இட்டு, தாளை என் பக்கம் தள்ளினார்.