கைவிட்ட நண்பன்

18 செப்டம்பர் 2024, புதன்
மஞ்சக்குப்பம், கடலூர்

நாளை மறுநாள், வண்டிகளாக உருமாறும் ரோபோக்களின் படமான ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒன்’ வெளியாகிறது. 47 வயதில் ஒரு ரோபோ கார்ட்டூனுக்காக நாள் எண்ணிக்கொண்டிருப்பவனை மனைவி எப்படிப் பார்க்கிறாள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. பழியெல்லாம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த என் தாய்மாமனையே சேரும். 1986 கோடையில் விடுப்பில் புதுச்சேரிக்கு வந்த அவர், உள்ளங்கைக்குள் அடங்கும் மஞ்சள் நிற பம்பிள்பீ பொம்மை ஒன்றையும், பிரான்சில் தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்த வீடியோ கேசட் ஒன்றையும் எனக்காகக் கொண்டுவந்திருந்தார். பொம்மையின் மேல் சின்னச் சதுர ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் அந்தச் சூட்டில் உள்ளிருந்து நல்லவர் அணியான ஆட்டோபாட்களின் சின்னமான முகம் எழும்பி வரும். கேசட்டின் கதை வேறு. பிரான்சின் ஒளிபரப்பு செக்காம் முறை, நம்முடையது பிஏஎல் முறை என்பதால், வாடகைக்கு எடுத்த டெக்கில் படம் ஓடியதே தவிர வண்ணம் வரவில்லை. ஆகவே அந்த அணியின் தலைவன் ஆப்டிமஸ் பிரைம் எனக்கு அறிமுகமானது பிரெஞ்சு பேசும் கறுப்பு வெள்ளை லாரியாகத்தான். அது சிவப்பு லாரி என்பது வெகுநாள் கழித்தே தெரிந்தது.

20 செப்டம்பர், வெள்ளி

இன்று அலுவலகத்தில் தணிக்கை நடந்ததால் முதல் காட்சி கனவாகப் போயிற்று. ஒரு மனத்தாங்கலை மட்டும் எழுதி வைக்கிறேன். 1984 முதல் ஆப்டிமஸின் குரலாக இருந்துவரும் பீட்டர் கல்லன் இந்தப் படத்தில் இல்லை. கிறிஸ் ஹெம்ஸ்வொர்த் பேசுகிறார். இது இளமைக் கதை, இன்னும் ஆப்டிமஸ் பிரைம் ஆகாத ஓரியன் பாக்ஸின் கதை என்ற நியாயம் புரிகிறது. ஆனாலும் 1986 திரைப்படத்தில் ஆப்டிமஸ் உயிர்விடும்போது ஒலித்த அந்தக் குரலுக்காக ஒரு முழு மாலை சாப்பிடாமல் இருந்தவனுக்கு நியாயம் மட்டும் போதவில்லை.

21 செப்டம்பர், சனி

அக்கா மகனை அழைத்துக்கொண்டு மதியம் புதுச்சேரிக்குப் பேருந்து ஏறினேன். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டியதுமே அவன் கைபேசிக்குள் போய்விட்டான், அரியாங்குப்பத்தில் நெரிசல். திரையரங்கில் பாதி இருக்கைகள் காலி. மூக்குக்கண்ணாடிக்கு மேல் 3டி கண்ணாடியை மாட்டினால் இரண்டும் சேர்ந்து சரிந்துகொண்டே வரும் என்பதை, என் வயது ரசிகர்களுக்காக மட்டும், குறித்து வைக்கிறேன்.

(இனிவரும் பக்கங்களில் கதை முழுவதும் வெளிப்படும்.)

படத்தில் மனிதர்களே இல்லை, பூமியே இல்லை. எல்லாம் ரோபோக்களின் சொந்தக் கோளான சைபர்ட்ரானிலேயே நடக்கிறது. 2007-இல் தொடங்கிய திரைப்படங்களில், ரோபோக்கள் எப்போது பேசுவார்கள் என்று மனிதர்களின் குடும்பச் சண்டைகளைச் சகித்துக்கொண்டு காத்திருந்தவனுக்கு இதுவே பெரிய நிம்மதி. ஆனால் முதல் அரைமணி நேரம் நகைச்சுவை சற்று மிகை. பி-127, அதாவது பின்னாளைய பம்பிள்பீ, வாய் ஓயாமல் பேசுவதில் எனக்கு அலுப்புத் தட்டியது. பையனோ அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் சிரித்தான். திரும்பும் பேருந்தில், “உங்க பொம்மை இவன்தானே மாமா? இவ்வளவு பேசுவான்னு சொல்லவே இல்லையே,” என்றான்.

22 செப்டம்பர், ஞாயிறு

இரவெல்லாம் ஓரியனின் நண்பன் டி-16 பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னாளில் ஆப்டிமஸின் பரம எதிரி மெகாட்ரானாக மாறப்போகும் அவனுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் விவரமானவர்கள். ஜப்பானில் டகாரா நிறுவனம் வெளியிட்ட மெகாட்ரான் பொம்மையின் வரிசை எண் அது.

பழைய தொடரின் 1985-இல் வந்த ஓர் அத்தியாயத்தில் ஓரியன் பாக்ஸ் துறைமுகக் கிடங்குத் தொழிலாளி. வானில் பறக்கும் மெகாட்ரானை வியந்து நம்பி, அவனாலேயே சுடப்படுகிறான். அங்கே நட்பு என்று எதுவும் இல்லை. ஓர் அப்பாவியும் ஒரு வஞ்சகனும் மட்டுமே. இருவரும் ஒருகாலத்தில் தோழர்கள் என்பது பின்னால் வந்த கதைகள் சேர்த்தது. இந்தப் படம் இருவரையும் ரோபோக்களின் எரிபொருளான எனர்ஜானை வெட்டும் சுரங்கத் தொழிலாளிகளாக்கி ஒரே ஷிப்டில் நிறுத்துகிறது. உருமாறுவதற்கு வேண்டிய டி-காக் என்ற உறுப்பு தங்களுக்குப் பிறவியிலேயே இல்லை என்று அவர்கள் நம்பவைக்கப்பட்டிருக்கிறார்கள். அதைப் பறித்தவன் அவர்கள் தலைவனாகக் கொண்டாடும் சென்டினல் பிரைம்தான் என்று தெரிந்ததும் ஓரியனுக்கு வழி பிறக்கிறது. டி-16-க்கு நெஞ்சில் தீப்பிடிக்கிறது.

என் தந்தை நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை பார்த்தவர். 1400 லிட்டர் கொள்ளளவுள்ள வாளிகள் சக்கரத்தில் சுழன்று மண்ணை அள்ளும் அந்த ராட்சத இயந்திரத்தைச் சிறுவயதில் தொலைவிலிருந்து பார்த்தபோது, அது இரவில் எழுந்து நடக்கும் என்றே நம்பினேன். அதனால்தானோ என்னவோ, டி-16-இன் கோபம் எனக்கு வில்லனின் கோபமாகத் தெரியவில்லை. ஏமாற்றப்பட்டவனின் கணக்கு அது, கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகவே இருக்கிறது. வசூலிக்கும் முறையில்தான் தவறுகிறான்.

ஸ்டிக்கர் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். டி-16 தெய்வமாக வணங்கும் மெகாட்ரோனஸ் பிரைமின் முகம் பதித்த அரிய ஸ்டிக்கரைத் தொடக்கத்தில் ஓரியன் அவனுக்குப் பரிசளிக்கிறான். பின்பகுதியில் சென்டினல் அதே முகத்தை அவன் மார்பில் சுட்டுப் பொறிக்கிறான். நாற்பது ஆண்டுகளாகப் பொம்மைப் பெட்டிகளில் நாம் பார்த்துவரும், மெகாட்ரான் அணியான டிசெப்டிகான்களின் சின்னத்துக்குத் தோற்றுவாய் இப்படி ஒரு நண்பனின் பரிசும் ஒரு துரோகியின் சூடும் என்று அமைத்தது, இந்தப் படத்தின் ஆகச் சிறந்த யோசனை. தேய்த்தால் முகம் தெரியும் என்று ஒன்பது வயதில் தேய்த்துத் தேய்த்தே ஸ்டிக்கரைக் கறுக்கவைத்தவன் நான். அந்தக் காட்சியில் என் கட்டைவிரல் தானாக அசைந்தது.

அடுத்து அந்தக் கை. சென்டினலைக் கொல்ல டி-16 சுடுகிறான், ஓரியன் குறுக்கே பாய்ந்து குண்டை வாங்குகிறான், பள்ளத்தில் விழப்போனவனை டி-16 எட்டிப் பிடிக்கிறான், பிறகு விட்டுவிடுகிறான். ‘கைவிட்டான்’ என்று நம் பேச்சில் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறோம். விரல் விரலாகக் கண்ணால் கண்டது நேற்றுதான். ஆனால் அந்த இடத்துக்குப் படம் ஓடி வருகிறது. உண்மை தெரிந்ததற்கும் கை நழுவியதற்கும் நடுவே, இருவரும் தனியே உட்கார்ந்து பேசும் காட்சிகள் இன்னும் இரண்டு இருந்திருந்தால், இயக்குநர் ஜோஷ் கூலியைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். பந்தயத்துக்கும் துரத்தலுக்கும் கொடுத்த நிமிடங்களில் கொஞ்சம் இதற்குக் கிள்ளிக் கொடுத்திருக்கலாம்.

ஹெம்ஸ்வொர்த் குரலைப் பற்றி நேற்று எழுத மறந்தேன். மறந்ததே பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

25 செப்டம்பர், புதன்

இரவுச் சாப்பாட்டின்போது தந்தையிடம் கதையைச் சொன்னேன். சுரங்கம் தரைக்கு அடியில் குடைந்தது என்றதும், “அது வேற மாதிரி சுரங்கம்,” என்று ஆர்வம் குறைந்தார். ஓரியன் ஆப்டிமஸாக எழுந்து வந்ததையும், வற்றிப் போயிருந்த எனர்ஜான் மறுபடியும் ஆறாகத் தானே பெருக்கெடுத்ததையும் நான் கையை ஆட்டி விவரித்தபோது, தோசையைப் பிட்டுக்கொண்டே நிமிர்ந்தார்.

“தானா ஓடுதுன்னா வெட்ட வேண்டியதில்லை. அப்ப இத்தனை பேருக்கும் இனிமே என்னப்பா வேலை?”

நாற்பது ஆண்டு ரசிகனான எனக்கு அது தோன்றவே இல்லை. அடுத்த பாகம் வந்தால் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். “கேட்டுச் சொல்லு,” என்று சட்னியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.