சோலாருக்குக் கடன் வாங்கும் முன் இரண்டு வருஷ ஈபி பில்லை எடுத்துப் பாருங்கள்

சோலார் போடலாமா என்று கேட்பவர்கள் எல்லாரும் எத்தனை கிலோவாட், எந்தக் கம்பெனி பேனல் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பணத்துக்கு என்ன வழி என்ற பேச்சு கடைசியில்தான் வரும். அதற்குள் டீலர் வீட்டுக்கே வந்து "முன்பணமே வேண்டாம் சார், மாசம் இவ்வளவுதான்" என்று ஒரு தாளை நீட்டியிருப்பார். நான் சொல்வது இதுதான்: கடனை முதலில் முடிவு பண்ணுங்கள், பேனலை அப்புறம் பார்க்கலாம். இப்போது ஈபிக்குக் கட்டுகிற பணத்துக்குள்ளேயே தவணை அடங்கினால் தாராளமாகப் போடுங்கள். அடங்காவிட்டால் எவ்வளவு நல்ல பேனலாக இருந்தாலும் அவசரப்படாதீர்கள்.

நம் ஊரில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கணக்கெடுக்கிறார்கள், 2024 ஜூலை கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். அந்தக் கட்டணத்தில் 300 யூனிட் ஓடுகிற வீட்டுக்கு பில் 700 ரூபாயைச் சுற்றித்தான் வரும், மாதத்துக்கு 350. அந்த வீட்டுக்காரர் 2,000 ரூபாய் தவணைக்குக் கையெழுத்துப் போட்டால் அது சேமிப்பே இல்லை. ஆனால் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கதை வேறு, குறைந்த யூனிட்டுக்கான கீழ்க்கட்டணப் படிகளில் இருக்கும் சலுகை விலையும் போய்விடும். 700 யூனிட் ஓட்டுகிற வீட்டுக்கு அதே கட்டணப்படி 3,900 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். வீட்டில் இரண்டு ஏசி, ஒரு போர் மோட்டார் இருந்தால் கோடையில் 700 எல்லாம் சர்வசாதாரணம். ஒரு கிலோவாட் பேனல் நம் வெயிலுக்குச் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் 700க்கு மேல், மழைக்காலத்தில் குறையும். அந்த வீட்டுக்கு பில்லின் பெரும்பகுதி கழிந்துவிடும். அதனால் கோடை, மழை இரண்டும் சேர்ந்த இரண்டு வருஷ பில்லை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மே மாத பில்லை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீர்கள்.

சரி, கடன். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு ஆரம்பித்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000. இது எல்லாருக்கும் தெரியும். அதே திட்டத்தில் 3 கிலோவாட் வரைக்கும் அடமானம் இல்லாமல் 2 லட்சம் வரை வங்கிக் கடன் உண்டு என்பதை டீலர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. வட்டி ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்துக்கு (வங்கிகளுக்கு அது கடன் தரும் வட்டி) மேல் அரை சதவீதம். 2024ல் அது 7 சதவீதமாக இருந்தது, 2025ல் ரெப்போ குறையக் குறைய 6 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. பத்து வருஷம் வரை கட்டலாம், பத்து சதவீதம் நம் கையிலிருந்து போட வேண்டும். நகைக்கடனே இந்த வட்டிக்குக் கிடைக்காது!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 கிலோவாட்டுக்கு மொத்தம் 2 லட்சம் என்று வையுங்கள். கையிலிருந்து 20,000, கடன் 1,80,000. பத்து வருஷம், 6 சதவீதம் என்றால் தவணை கிட்டத்தட்ட 2,000. மானியம் 78,000 வந்ததும் அதை அப்படியே அசலில் கட்டிவிட்டு, அதே 2,000த்தைத் தொடர்ந்து கட்டினால் கடன் ஐந்து வருஷத்திலேயே முடிந்துவிடும். அந்த 78,000த்தை டிவி, பிரிட்ஜ் என்று செலவழிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. மானியம் நேரே கடன் கணக்குக்குப் போகுமா, சேமிப்புக் கணக்குக்கு வருமா என்று கையெழுத்துக்கு முன்பே கிளையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இதே 1,80,000த்துக்கு டீலர் கொண்டுவரும் பைனான்ஸ்காரர் "8 பர்சென்ட்தான், பிளாட்" என்பார். பிளாட் என்றால் அசல் குறையக் குறைய வட்டி குறையாது, கடைசி மாதம் வரை முழுத் தொகைக்கும் வட்டி. ஐந்து வருஷத்துக்கு வட்டி மட்டும் 72,000, மாதம் 4,200. வங்கியில் 6 சதவீதத்தில், குறையும் அசல் கணக்கில் ஐந்து வருஷத்துக்கு வட்டி 29,000தான். சொல்லப்போனால் அந்த 8 பிளாட் நிஜத்தில் 14 சதவீதம். வட்டியே இல்லாத தவணை என்றால் ரொக்க விலை என்ன என்று தனியாக எழுதி வாங்குங்கள், வித்தியாசம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கடன் இழுத்தடிப்பதற்குப் பெரும்பாலும் வட்டியோ சம்பளமோ காரணம் இல்லை, பெயர்தான். சித்தப்பா வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது, ஈபி இணைப்பு மட்டும் காலமாகிவிட்ட தாத்தா பெயரில். நம் பக்கம் பாதி வீடுகள் இப்படித்தான். விண்ணப்பம், கடன், மானியம் வரும் வங்கிக் கணக்கு எல்லாம் ஒரே பெயரில் இருந்தால்தான் வேலை ஓடும். வாரிசுச் சான்றிதழ், வரி ரசீது எல்லாம் திரட்டிப் பெயர் மாற்றம் முடிந்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. நீங்கள் இன்னும் யோசனையிலேயே இருந்தாலும் சரி, இந்த வேலையை மட்டும் இப்போதே முடித்துவிடுங்கள்.

கடன் தொகையை ஊதவைக்கும் விஷயங்கள் சில உண்டு. மாடியில் துணி காயப்போட, வடகம் வைக்க இடம் வேண்டும் என்று ஸ்டாண்டை உயர்த்திக் கேட்போம், நியாயம்தான், ஆனால் அதற்கு இரும்பும் கூலியும் தனி, மானியம் அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகமாகாது. கரண்ட் போனால் ஈபி லைனோடு இணைந்த சாதாரண ஆன்கிரிட் சோலார் நின்றுவிடும், பேட்டரியோடு வாங்குங்கள் என்று தள்ளுவார்கள். பேட்டரி விலை சேர்ந்தால் மேலே போட்ட கணக்கு முழுக்க மாறிவிடும். உங்கள் பகுதியில் மின்வெட்டு குறைவு என்றால் பழைய இன்வெர்ட்டரே போதும். மானியம் வேண்டுமானால் பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் உள்நாட்டில் செய்ததாக இருக்க வேண்டும், பதிவு பெற்ற நிறுவனம்தான் பொருத்த வேண்டும், ஐந்து வருஷப் பராமரிப்பும் அவர்கள் பொறுப்பு. கொட்டேஷனில் இவை எழுத்தில் இல்லாவிட்டால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

வங்கிக் கிளையில் இந்தக் கடனே தெரியாது, வீட்டுப் பத்திரத்தைக் கொண்டு வா என்று சொன்னால் சோர்ந்துபோய்த் திரும்பாதீர்கள். முதலில் திட்டத்தின் தளத்தில் பதிவு செய்து, ஜன் சமர்த் என்ற மத்திய அரசின் கடன் விண்ணப்பத் தளம் வழியாகக் கடனுக்கு விண்ணப்பியுங்கள், அங்கே எந்த வங்கி என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஈபி பில், ஆதார், பான், வங்கி பாஸ்புக், டீலரின் கொட்டேஷன், இவற்றை ஸ்கேன் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.