கயிறு பிடிக்கிறவர்

கோமாரி எனும் கால், வாய் நோய்க்கான தடுப்பூசி முகாம் நாட்களில் காலைப் பால் கறந்து முடிப்பதற்குள் ஊருக்குள் போய்விடுவோம். மாட்டை மேய அவிழ்த்துவிட்டால் அப்புறம் கைக்கு வராது; வெயில் ஏறினால் மருந்துக்கும் ஆகாது. அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துவிடவும் கூடாது. கொங்குப் பக்கம் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். ஊசி போடுவது நொடி வேலை, மாட்டை மிரளாமல் நிறுத்துவதில்தான் எல்லாம் இருக்கிறது என்பது நான் இங்கே கற்றுக்கொண்டது.

அதனால் தினமும் பால் கறக்கிறவரே கயிறு பிடிக்க வேண்டும் என்பேன். நாலு பேர் ஓடி வந்து வாலை முறுக்கினால் சாதுவான மாடும் திமிறும். ஒரு தோட்டத்தில், கிட்டவே போக முடியாத மாடு என்றார்கள். அந்த வீட்டு ஆத்தா வந்து, மூக்கணாங்கயிற்றைக் கட்டுத்தறியில் குட்டையாகச் சுற்றி, கழுத்துக்கடியில் தொங்கும் அலைதாடியைச் சொறிந்தபடி, "நில்லு சாமி, டாக்டரம்மா ஒண்ணும் பண்ணமாட்டாங்க" என்றார். நான் தோள்பட்டைப் பக்கமாகப் பேசிக்கொண்டே போனேன். கழுத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு, மூன்றாவது தட்டோடு ஊசி. மாடு காதை மட்டும் ஆட்டியது.

மாடு திமிறினால் ஊசி நம் கையில் ஏறிவிடும். கோமாரி மருந்து எண்ணெய் கலந்தது. விரலில் கொஞ்சம் இறங்கினாலும் வீங்கி ரத்த ஓட்டம் தடைபடலாம். உடனே மருத்துவமனைக்குப் போய், எண்ணெய் மருந்து என்று சொல்ல வேண்டும். சினையைக் கலைத்துவிடும் கன்று வீச்சு நோய்க்கான தடுப்பூசியோ உயிருள்ள கிருமி. 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு, அதாவது பெண் கன்றுகளுக்கு மட்டும், வாழ்நாளில் ஒரே முறை. கண்ணில் தெறித்தாலே நமக்குக் காய்ச்சல் வரக்கூடும் என்பதால் கையுறை, கண்ணாடி இல்லாமல் அந்தக் குப்பியைத் திறக்க உதவியாளரை நான் விடுவதில்லை. மாட்டுக்கு மாடு ஊசி மாற்றுவதிலும் அப்படித்தான், நேரமானாலும் பரவாயில்லை.

செம்மறி வேறு மாதிரி. மேச்சேரி இன ஆட்டுப் பட்டியில் ஒன்று மிரண்டால் மொத்தமும் மூலைக்குப் பாய்ந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் சிக்கிய குட்டி மூச்சடைத்துச் செத்துவிடும். படலை நகர்த்தி இடத்தைக் குறுக்கி, பத்துப் பத்தாக ஒதுக்கிப் பிடிப்போம். தாடைக்கு அடியில் ஒரு கை, அடிவயிற்றுப் பக்கம் ஒரு கை. ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தோலைத் தூக்கிப் பிடித்து அதன் அடியில் 1 மில்லி. போட்ட ஆட்டுக்கு முதுகில் சாயம். கலக்கிய மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மீந்தால் வீண்தான். அதனால் பட்டியில் எத்தனை உருப்படி என்று எண்ணிய பிறகே குப்பியை உடைப்பேன்.

ஊசி போட்டதும் கிளம்புவதில்லை. அரிதாக ஒரு மாட்டுக்கு ஒவ்வாமை வந்து உடம்பு தடித்து மூச்சு வாங்கும். பையில் அட்ரினலின் இருக்க வேண்டும். அந்த அரைமணி நேரத்தில்தான் பால் குறையுமா, சினை கலையுமா என்று கேட்பார்கள். குறையவே குறையாது என்று சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது. ஓரிரு நாள் கொஞ்சம் குறையலாம், திரும்ப வந்துவிடும். ஊசி போட்ட இடத்தில் கட்டி தெரிந்தால் பிதுக்க வேண்டாம். நிறைசினை மாட்டுக்கு ஈன்ற பிறகு போட்டுக்கொள்ளலாம் என்பேன். கோமாரியே வந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. 2013இல் தமிழ்நாட்டில் அது பரவியதைப் பார்த்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். நோய் கண்ட தாயிடம் பால் குடித்த கன்று நின்ற இடத்தில் விழுந்து சாகும். பிழைத்த மாடும் வெயில் தாங்காமல் இரைக்கும்.

இப்படி உள்ளதைச் சொன்ன வீடுகளில், ஆறு மாதம் கழித்து அடுத்த சுற்றுக்குப் போகும்போது மாட்டைக் கட்டித் தயாராக வைத்திருக்கிறார்கள். முன்பு ஊசி வேண்டாம் என்றவர்களும் அதில் உண்டு.