ஐவருக்கு விழுந்த பரிசு

பிபிசி 2012-இல் ஒளிபரப்பிய ‘தி சிண்டிகேட்’ தொடரின் முதல் பருவத்தை நேற்றிரவு பார்த்து முடித்தேன். லீட்ஸ் நகரில், கைமாறும் நிலையில் உள்ள ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை செய்யும் ஐந்து பேர் கூட்டாக வாங்கிய லாட்டரிச் சீட்டுக்கு 1 கோடியே 80 லட்சம் பவுண்டு பரிசு விழுவதே கதை.

கே மெல்லரின் எழுத்தில் என்னை மிகவும் உலுக்கியது, பணமுடையால் தாங்கள் வேலை பார்க்கும் கடையையே கொள்ளையடிக்கத் துணியும் சகோதரர்களின் பகுதிதான். அந்த முயற்சியில் அடிபடும் மேலாளரும் அதே கூட்டில் ஒரு பங்குதாரர் என்பதால், பரிசுச் செய்தியைக் கேட்டுக் கொண்டாடும் காட்சியிலும் எனக்கு அச்சமே மேலோங்கியது. சில மணி நேரம் பொறுத்திருந்தால் அந்தக் குற்றத்துக்கே தேவை இருந்திருக்காது என்ற எண்ணம் கடைசிவரை விலகவில்லை.

ஒவ்வோர் அத்தியாயமும் ஒருவரை மையமாகக் கொண்டு நகர்வது, எவரையும் எளிதில் வெறுக்கவிடாத நல்ல உத்தி. இதைத் தழுவி அமெரிக்காவில் 2013-இல் வந்த ‘லக்கி 7’ இரண்டே அத்தியாயங்களில் நிறுத்தப்பட்டது வருத்தமளிக்கிறது. மூலத் தொடரின் இரண்டாம் பருவம் பிராட்ஃபோர்டு மருத்துவமனை ஊழியர்களைப் பற்றியது. அதை இன்றே தொடங்குகிறேன்.