டெஸ்ட் டேட்டாபேஸில் இருந்த நிஜ மனிதர்கள்

அன்று மாலை எங்கள் மென்பொருள் குழு சோதித்தது ஒரு சின்ன மாற்றம். கடன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும். மாற்றங்களை முதலில் சரிபார்க்கும் டெஸ்ட் சர்வரில் ஓட்டிப் பார்த்தோம், சரியாக ஓடியது, கிளம்பத் தயாரானோம். அதற்குள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து போன். விண்ணப்பமே போடாதவர்களுக்கெல்லாம் "உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது" என்று செய்தி போயிருக்கிறது. பதறிப்போய்க் கூப்பிடுகிறார்கள்.

காரணம் உடனே புரிந்துவிட்டது. டெஸ்ட் டேட்டாபேஸ் என்று நாங்கள் சொல்லிவந்தது, நிஜ டேட்டாபேஸை அப்படியே நகலெடுத்து வைத்தது. பெயர், பிறந்த தேதி, சம்பளம், கைபேசி எண் எல்லாம் நிஜம். நிஜ சர்வருக்குள் நுழைய மூன்று பேருக்குத்தான் அனுமதி. டெஸ்ட் சர்வரின் பாஸ்வேர்டோ குழுவில் எல்லோருக்கும் தெரியும். புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாளே சொல்லிவிடுவோம். வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்டிருந்தோம். அந்தச் செய்தி தவறாகப் போனதைவிட, இத்தனை நாள் இது எங்களில் ஒருவருக்கும் உறுத்தவில்லை என்பதுதான் எனக்கு வலித்தது.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. நிஜத் தரவு இருந்தால்தான் பிழை பிடிபடும் என்பார்கள், அதில் நியாயமும் உண்டு. நாமே உட்கார்ந்து உருவாக்கும் தரவில் அரைகுறை முகவரியோ, ஒற்றை எழுத்து மட்டுமே உள்ள பெயரோ வராது. அதனால் நகலை வைத்துக்கொண்டே அதிலிருக்கும் மனிதர்களை மறைக்க வேண்டும். மாஸ்கிங் என்ற அந்த வேலை என்னிடம் வந்தது.

பெயரை மாற்றுவது எளிது. ஆனால் ஒருவருடைய வாடிக்கையாளர் எண் பல டேபிள்களில், அதாவது தரவு அட்டவணைகளில், இருக்கும்; எல்லாவற்றிலும் ஒரே மாதிரி மாற்றாவிட்டால் ஒன்றோடொன்று பொருந்தாது. கார்டு எண்ணின் கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படுவது. வாய்க்கு வந்த எண்ணைப் போட்டால் மென்பொருள் ஏற்காது. இதெல்லாம் நேரம் பிடித்தாலும் வழி தெரிந்த வேலை. நான் எதிர்பார்க்காதது 'குறிப்பு' என்ற நெடுவரிசை. ஊழியர்கள் தங்கள் வசதிக்காக எழுதி வைத்தவை அதில் இருந்தன. "கணவர் இறந்துவிட்டார், மகன் எண்ணுக்குக் கூப்பிடவும்." "டயாலிசிஸ் நடக்கிறது, தவணைக்கு அவகாசம் கேட்கிறார்." பத்து வரிக்கு மேல் படிக்க மனம் வரவில்லை. வேலை இழந்தவர், விவாகரத்து ஆனவர் என்று ஊர் பேர் தெரியாதவர்களின் கஷ்டமெல்லாம் எங்கள் டெஸ்ட் சர்வரில் கிடந்தது. அந்த நெடுவரிசையை முழுக்க அழித்து, பொருளற்ற வாக்கியங்களால் நிரப்பினேன்.

முடிந்தது என்று நினைத்தபோது சக ஊழியர் ஒருவர் கேட்டார்: "பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூணும் அப்படியே இருக்கே?" அவர் சொல்லித்தான் தரவு அந்தரங்கம் பற்றி ஆராயும் லடான்யா ஸ்வீனியின் ஆய்வைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியர்களின் மருத்துவத் தரவைப் பெயர்களை நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அப்போது மாணவியாக இருந்த ஸ்வீனி, அந்த மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி, இந்த மூன்று விவரங்களையும் ஒப்பிட்டு, ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவைக் கண்டுபிடித்துவிட்டார். 1990 மக்கள்தொகைக் கணக்கை வைத்து, அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரை இந்த மூன்றே தனித்துக் காட்டிவிடக்கூடும் என்றும் பிறகு கணக்கிட்டார். பெயரை எடுத்தால் ஆள் மறைந்துவிடுவார் என்ற என் நம்பிக்கை அன்றோடு போனது. ஒவ்வொருவருக்கும் பிறந்த தேதியைச் சில வாரங்கள் முன்பின் நகர்த்தினேன்; அஞ்சல் குறியீட்டின் கடைசி இலக்கங்களை வெட்டினேன். வயது வரம்புச் சோதனைகள் கெடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அதிக நேரம் ஆனது.

"இதற்கெல்லாம் நேரமில்லை, தரவை முழுசாகவே கொடுத்துவிடுங்கள்" என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் 2007ஆம் ஆண்டு பிரிட்டனில் நடந்ததைச் சொல்வேன். குழந்தைகளுக்கான உதவித்தொகைத் தரவைத் தணிக்கையாளர்கள் கேட்டபோது, வங்கி விவரங்கள் வேண்டாம் என்றே சொல்லியிருந்தார்கள். அவற்றைப் பிரித்தெடுக்கத் தனிச் செலவாகும் என்று வரித்துறை முழுத் தரவையும் இரண்டு டிஸ்க்குகளில் அனுப்பியது. பாஸ்வேர்டு இருந்தது, ஆனால் பிறர் படிக்க முடியாதபடி தரவையே மாற்றிவைக்கும் என்கிரிப்ஷன் இல்லை. டிஸ்க்குகள் போய்ச் சேரவில்லை. இரண்டரைக் கோடிப் பேரின் விவரங்கள் அவற்றில் இருந்தன.

மாஸ்கிங் செய்ததைவிட, பழைய நகல்களைத் தேடி அழிக்கத்தான் அதிக நாள் பிடித்தது. பொது ஃபோல்டரில் ஒன்று, பழைய மின்னஞ்சலின் இணைப்பில் ஒன்று, வேறு குழுவுக்குப் போய்விட்ட ஒருவரின் லேப்டாப்பில் ஒன்று. அவருக்கே அது இருப்பது நினைவில்லை.

இப்போது யாராவது தரவு கேட்டால் எந்தெந்த நெடுவரிசை, எதற்கு, எந்தத் தேதிவரை என்று கேட்கிறோம். போன வாரம் ஒரு குழு வாடிக்கையாளர் டேபிள் முழுவதையும் கேட்டது. உட்கார்ந்து பேசினோம். தவணை தாமதமாகும் போக்கை வயதுவாரியாகப் பார்க்க வேண்டுமாம். வயதுப் பிரிவு, தாமதமான நாட்கள் என்று இரண்டு நெடுவரிசைகளைக் கொடுத்தேன். அன்று மாலையே வேலையை முடித்துவிட்டார்கள்.