மட்டக்குதிரைகளைத் தேடி நெடுந்தீவுக்கு

ஆவணி வெயிலில் நெடுந்தீவுக்குப் போகாதே என்று வீட்டில் சொன்னார்கள். மழை நாளில் மட்டக்குதிரைகள் வெளியெல்லாம் பரந்து மேயும், கோடையில்தான் தண்ணீர் தேடி ஒரே இடத்துக்கு வரும், படம் எடுக்க அதுதான் வசதி என்றான் நண்பன். அந்தக் கணக்கில்தான் நாங்கள் நாலு பேர் முதுகில் பையோடு வெளிக்கிட்டோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று பஸ் ஓடிக் குறிகட்டுவானில் இறக்கிவிட்டது. இறங்கியவர்களில் பாதிப் பேர் நயினாதீவு அம்மனிடம் போகிறவர்கள். எங்கள் படகில் ஆட்களைவிடச் சாமான்தான் கூட: அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், மரக்கறிப் பெட்டிகள். ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். அலை எழும்பத் தொடங்கியதும் பக்கத்தில் இருந்த அம்மா, "தம்பி, கமராவுக்கு உப்புத்தண்ணி படப்போகுது, இதுக்குள்ள வையும்" என்று தன் பொலித்தீன் பையை நீட்டினார்.

நெடுந்தீவில் இறங்கும் மாவிலித்துறையில் குமுதினி நினைவுத்தூபி நிற்கிறது. 1985 மே 15ஆம் திகதி, நாங்கள் வந்த இதே கடலில், குமுதினிப் படகில் பயணித்த பொதுமக்கள், குழந்தைகள் உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நாங்கள் நால்வரும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அந்த இடத்தில் படம் எடுக்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

அப்புறம் நடைதான். நெடுந்தீவில் என் மனதைப் பிடித்தது அந்தக் கல்வேலிகள். வளவு, தோட்டம், ஒழுங்கை எல்லாவற்றுக்கும் முருகைக்கல் வேலி. சாந்து கிடையாது, கல்லின்மேல் கல்லை அடுக்கியதுதான். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் சின்னச் சின்னப் பூக்கள் செதுக்கியதுபோல் இருக்கும். ஒரு காலத்தில் கடலுக்கடியில் உயிரோடு இருந்த பவளத்தின் தடம் அது. காலை வெயில் கல்லிடுக்குகளால் புகுந்து ஒழுங்கை மண்ணில் பொட்டுப் பொட்டாக விழும். அந்த ஒரு வேலியடியிலேயே அரை நாள் போய்விட்டது. பெருக்கமரம் (பாவோபாப் மரம்), ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு எல்லாவற்றையும் பின்னேரம் அவசரமாகத்தான் பார்த்தோம். பெருக்கமரத்தின் பொந்துக்குள் நாலு பேரும் நின்று ஒரு படம், அவ்வளவுதான்.

மறுநாள் விடியமுன் வெளிப்பக்கம் போனோம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவந்த குதிரைகளின் வழிவந்தவை இவை. இப்போது கட்டாக்காலியாகத் திரிகின்றன. நண்பன் சொன்னபடியே ஒரு சீமெந்துத் தொட்டியைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு நின்றன. வெளிச்சம் அருமை. மளமளவென்று எடுத்தேன். பிறகு லென்ஸைக் கிட்டக் கொண்டுவந்தபோதுதான் தெரிந்தது, தொட்டியில் தண்ணீர் இல்லை. ஒரு குட்டி, அடியில் இருந்த ஈரப் பாசியை நக்கிக்கொண்டிருந்தது. எங்களுக்கு வசதி என்று நாங்கள் நினைத்து வந்தது அதுகளின் தாகத்தை.

கொஞ்ச நேரத்தில் ஓர் ஐயா சைக்கிளில் இரண்டு கான் தண்ணீர் கட்டிக்கொண்டு வந்தார். நல்ல தண்ணீர்க் கிணறுகள் தீவில் குறைவு, பல இடங்களில் சவர்தான். "எங்களுக்கே அளந்துதான். ஆனா வாயில்லாச் சீவன் எல்லோ" என்றார். அவரோடு கிணற்றடிக்குப் போய் முறைவைத்து அள்ளி, நாலு நடை சுமந்து ஊற்றினோம். ஊற்ற ஊற்ற, முதலில் பெரியவை முட்டி மோதிக் குடித்தன. குட்டிக்கு இடம் கிடைத்தது கடைசியில்தான். அது மூக்கு வரை தாழ்த்திக் குடிக்கும்போது ஒரு படம் எடுத்தேன்.

ஐயா கமராத் திரையில் அந்தப் படத்தைக் கனநேரம் பார்த்தார். "வடிவாத்தான் இருக்கு தம்பி. ஆனா விலா எலும்பு எண்ணலாம் போல கிடக்கு. மழை மட்டும் தாங்குமோ தெரியேல்லை" என்றார்.

மழைக்கு ஐப்பசி வரவேண்டும்.